லோ வோல்டேஜ்

எந்தப் பொருள் வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக எடுத்துவைப்பது என் வழக்கம். கம்ப்யூட்டரில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிய பில்லும் அப்படித்தான் என்னிடம் இருந்தது. ஜனவரி 1999 தேதி, கடை முத்திரை, கடைக்காரர் ரைஹானின் கையெழுத்து, எல்லாம் தெளிவாக இருக்கும். புகாரோடு அதை இணைத்திருக்கிறேன்.

ஆய்வாளர் ஐயா, நேற்று அந்தப் புகாரைப் படித்துவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "கம்ப்யூட்டர் சரியா ஓடலைன்னு கடைக்காரர் மேல புகார் குடுக்கறீங்க, சரிங்க. இதுல உங்கண்ணன் செத்தது எதுக்குங்க வருது?" எனக்கு ஏற்பட்ட நஷ்டங்களின் வரிசையில் முதலில் பிரிட்ஜில் கெட்டுப்போன பாலையும், அடுத்து கிரைண்டர் பெல்ட்டையும், மூன்றாவதாக அண்ணனையும் எழுதியிருந்தேன். அது உங்களுக்குப் புரியவில்லை. ஒன்றும் விடாமல் முதலிலிருந்து எழுதச் சொல்லி ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தீர்கள். ஒரு தாள் போதாது என்று அப்போதே தெரிந்தது. மீதியை நானே வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் சென்னகேசவன். வயது நாற்பத்து நான்கு. கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கட்டிக் கொடுப்பது தொழில். அன்னூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் எதனால் எரிந்தது என்று கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். லோ வோல்டேஜ். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வேங்கடசாமியின் வீட்டில் முன்னறையில் இருக்கிறேன். அண்ணன் பஞ்சாலையில் முப்பத்தோரு வருடம், பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். நான் ஐடிஐ படித்தது அவர் சம்பளத்தில். பட்டறை வைத்தது அவருடைய பி.எஃப். பணத்தில். யார் கேட்டாலும் இதை நான் மறைத்ததில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் போய், கடைசி இரண்டு வருடமாக அவரால் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை நடக்க முடியாது. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அவர் மகன் ரவிதேஜா, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கருவியை அனுப்பிவைத்தான். குழாயின் நுனியை மூக்கில் மாட்டிக்கொண்டு அண்ணன் நாள் முழுக்கப் படுத்திருப்பார். நாங்கள் அதை மூச்சு மெஷின் என்போம். அது அமெரிக்க மெஷின், நூற்றுப்பத்து வோல்ட். நம்முடைய இருநூற்று முப்பதைக் குறைத்துக் கொடுக்க அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நான்தான் கட்டினேன். நன்றாகவே கட்டியிருந்தேன். ஒரு நாள்கூட அது மக்கர் செய்யவில்லை.

ரவிதேஜா அமெரிக்கா போகும்போது தன் கம்ப்யூட்டரை எனக்கு விட்டுப்போனான். அதில் ஒரு கார் பந்தய ஆட்டம் இருந்தது. ஏரியைச் சுற்றிப் போகும் சாலை, நடுவில் ஒரு சுரங்கப்பாதை. பட்டறையை மூடிவிட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுவேன். குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரு மனிதனுக்கு ஒன்றாவது வேண்டும் அல்லவா?

பக்கத்துத் தெருவில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் திருமூர்த்தி வீட்டிலும் அதே ஆட்டம் இருந்தது. ஒரு சுற்றுக்கு அவருடைய நேரம் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. என்னுடையது ஐம்பத்து நான்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அண்ணனிடம் நலம் விசாரித்துவிட்டு, என் அறை வாசலில் நின்று சொல்வார்: "கேசவண்ணா, நீங்க மோட்டார் கட்டறதோட நிப்பாட்டிக்குங். வண்டி ஓட்டறதெல்லாம் எங்களாட்டம் ஆளுங்க பார்த்துக்கறோம்." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். அதனால் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கார்டு வாங்கப் போனது அதற்காக அல்ல. படம் தெளிவாக இருந்தால் கண்ணுக்கு நல்லது.

காந்திபுரத்தில் ரைஹானின் கடை. கோவையில் வெடிகுண்டுகள் வெடித்து ஒரு வருடம்கூட ஆகாத அந்த நேரத்தில், முஸ்லிம்கள் கடையில் வாங்காதே என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி ஆள் பார்த்து நடப்பவன் அல்ல. ரைஹான் வீட்டுக்கே வந்து பழைய கார்டைக் கழற்றிப் புதியதை மாட்டி, அதற்கான சிடியைப் போட்டு ஏற்றினார். அண்ணனிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அண்ணி பங்காரம்மா காபி கொடுத்தார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அன்று சாயங்காலம் ஆட்டத்தைத் திறந்தேன். புதுக் கார்டு ஆயிற்றே என்று படத்தின் அளவை உச்சத்தில் வைத்தேன். கார் கிளம்பியது. இரண்டு அடி போய் நின்றது, மறுபடி இரண்டு அடி போய் நின்றது. ஸ்டூடியோ ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதுபோல இருந்தது. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஒரு எண் காட்டும். பழைய கார்டில் இருபத்திரண்டு. புதுக் கார்டில் பதினொன்று.

மறுநாள் ரைஹானுக்குப் போன் செய்தேன். "அண்ணா, கேமுக்குள்ள செட்டிங்ஸ்ல ஒரு எடம் இருக்குதுங்..." என்று ஏதோ ஆரம்பித்தார். அப்போது என் கையில் மல்டிமீட்டர் இருந்தது. பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூற்று மூன்று வோல்ட் காட்டியது. இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் இருநூற்று மூன்று. இனி செட்டிங்ஸ் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி என்று போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவர் இரண்டு முறை கூப்பிட்டதாக அண்ணி சொன்னார்.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் கிரைண்டர். சாயங்காலம் மாவாட்ட வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் விடிகாலைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு நாள் மறந்துபோய்ப் போட்டுவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டை நான் கழற்ற வேண்டியதாயிற்று, அது அறுந்துபோனது. பிறகு பிரிட்ஜைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். பிறகு ஆறு மணி நேரம். பால் போயிற்று. டிவி, தண்ணீர் மோட்டார், ட்யூப் லைட். அண்ணி சமையலறையில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டு சமைத்தார். "கண்ணு தெரியமாட்டீங்குதுங்க தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அவர் அப்படிப்பட்டவர்.

வோல்டேஜ் இருநூற்றுப் பதினாறு வரை ஏறியது. மூலையில் எண் பதினொன்றிலேயே நின்றது.

பெரிதாகக் கரண்ட் இழுத்து வீட்டில் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

இங்கே நீங்கள் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. எடுத்த எடுப்பில் நான் அதில் கைவைக்கவில்லை. நான்கு நாள் யோசித்தேன். நானூறு வாட். இரவும் பகலும். அது என்ன வேலை செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்பதெல்லாம் வேறு விஷயம். மல்டிமீட்டருக்கு அண்ணன் தம்பி தெரியாது. லோடு என்றால் லோடு.

முதலில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். கரண்ட் போனால் அந்த மெஷின் கீச்கீச்சென்று கத்தும், அதற்கென்று உள்ளே சின்ன பேட்டரி இருக்கிறது. அந்தச் சத்தம் அண்ணனுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று பேட்டரியை முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எண் பன்னிரண்டு ஆயிற்று.

பதினொன்று, பன்னிரண்டு. சிலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஊசி ஒரு கோடு அசைந்தால் போதும், பழுது எங்கே என்று பிடித்துவிடலாம்.

அதன் பிறகு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று மொத்தம் பதினேழு சோதனை செய்தேன். தேதி, நேரம், வோல்டேஜ், படங்களின் எண்ணிக்கை எல்லாம் நோட்டில் இருக்கிறது. சில நாள் பன்னிரண்டு வந்தது, சில நாள் பதினொன்று, ஒரு நாள் பத்து. பத்து வந்த நாளில் தெருவில் யாரோ வெல்டிங் வைத்திருப்பார்கள்.

ஐந்து நிமிட சோதனையின்போது அண்ணன் கூப்பிட்டார். போனேன். நகக்கண்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"கரண்ட் போயிருச்சாட்ட இருக்குது கண்ணு" என்றார்.

"ஆமாங்கண்ணா. இப்ப வந்துரும்."

அவர் மேலே பார்த்தார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "வந்தா வரட்டும்" என்றார்.

அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் மனதில் தேவையில்லாத சந்தேகத்தை உண்டாக்கக் கூடாது. அடுத்த நாளே அவர் அறைக்குப் போகும் லைன் முழுவதையும் தனியாகப் பிரித்து, ஃபேன், லைட், மெஷின் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சுக்குக் கொண்டுவந்து, அந்தச் சுவிட்சை என் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் பொருத்தினேன். பாதுகாப்புக்கு என்று அண்ணியிடம் சொன்னேன். "நீங்க பக்கத்துல இருக்கறதுனாலதானுங்க தம்பி நான் தைரியமா இருக்கறேன்" என்றார். அன்று எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு வைத்திருந்தார்.

அண்ணன் என்மேல் கோபப்பட்டதே கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், மூக்கில் குழாயோடு கேட்பார்: "இன்னைக்காவது செயிச்சியா கண்ணு?" தினமும் கேட்பார். இல்லை என்று தினமும் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வகையில் நான் செய்தது அவருக்கும் சேர்த்துத்தான்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள் திருமூர்த்தி பட்டறைக்கு வந்தார். "புதுக் கார்டு வாங்கியுமா இன்னும் அம்பத்தி நாலு? நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரனுங்க. முன்னாலயே உக்காந்து பார்க்கறேன், எங்க தப்பு பண்றீங்கன்னு சொல்லித் தாரேன்" என்றார். சொல்லித் தருகிறாராம்.

அண்ணிக்கு வீட்டை விட்டு வெளியே போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவிநாசி கோயிலுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இருக்கிறேன் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புடவை மாற்றிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டினார். "கரண்டு போனா மட்டும் இதைத் திறந்து உட்டுருங்க தம்பி. இந்தச் சாவிய இப்படித் திருப்போணும். அவரால முடியாதுங், கையில பலம் இல்லை."

"சரீங்க அண்ணி. நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

"போய்ட்டு வாரனுங்க" என்று அண்ணனிடமும் சொன்னார். அண்ணன் கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இரண்டரை மணிக்கு அண்ணி பஸ் ஏறினார்.

மூன்று பத்துக்குச் சுவிட்சை அணைத்தேன்.

நான் நினைத்தது இரண்டு சுற்று. அதிகபட்சம் மூன்று. முதல் சுற்று ஒன்று ஐம்பத்து மூன்று வந்தது. அதுவரை எனக்கு ஐம்பத்து மூன்று வந்ததே இல்லை. ஆக லோடு குறைந்தால் பலன் உண்டு என்பது நிரூபணம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் நிறுத்த எந்த மெக்கானிக்குக்கும் மனது வராது. பழுது கைக்குள் வந்துகொண்டிருக்கும்போது ஸ்பானரைக் கீழே வைப்பவன் தொழில்காரன் அல்ல.

ஆறாவது சுற்றில் அண்ணன் எவர்சில்வர் தம்ளரால் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். வழக்கமாகத் தண்ணீர் வேண்டுமென்றால் அப்படித்தான் தட்டுவார். ஒரு சுற்று முடியட்டும் என்று ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். ஸ்பீக்கர் ஐந்து வாட்கூட இருக்காது, அதனால் பாதிப்பு இல்லை. பதினான்காவது சுற்றில் தட்டுவது நின்றது. அதற்கப்புறம் என்னால் நன்றாகக் கவனம் வைக்க முடிந்தது.

இருபத்தேழாவது சுற்றில் சுரங்கப்பாதையை ஒரு தடவைகூட இடிக்காமல் தாண்டினேன். ஒரு நிமிடம் ஐம்பத்தொன்று புள்ளி எட்டு.

மணி நான்கு அடித்து ஒரு நிமிடம். சுவிட்சைப் போட்டேன். மெஷின் உறுமுவது கேட்டது. நேராக அண்ணன் அறைக்குத்தான் போனேன். ஜெயித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லத்தான் போனேன். வாசலில் நின்று சொல்லியும் விட்டேன். குழாய் மூக்கில் சரியாகத்தான் இருந்தது. தம்ளர் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோய், சிலிண்டரில் இடித்துக்கொண்டு கிடந்தது. கட்டில் கம்பியில் ஒரு இடத்தில் பெயிண்ட் போயிருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். இந்த நெஞ்சோடு இத்தனை நாள் இருந்ததே பெரிது, தூக்கத்தில் போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தார். தூக்கத்தில் என்று நான் சொல்லவில்லை. அவராக எழுதியது. ஐந்து மணிக்குத் திருமூர்த்தி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயம் தெரிந்து உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்றைக்கு அவரிடம் என் நேரத்தைச் சொல்வது நாகரிகமாக இருக்காது என்று சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இனி புகாருக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள் ரைஹான் துக்கம் விசாரிக்க வந்தார். அண்ணியிடம் பேசிவிட்டு என் அறைக்கு வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல், "அந்தக் கார்டு இப்ப ஓடுதுங்களாண்ணா?" என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். மூலையில் பதினொன்று. அவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே ஆட்டத்தின் செட்டிங்ஸில் ஒரு இடத்தைத் திறந்து, ஒரு கட்டத்தில் இருந்த குறியை எடுத்து அடுத்த கட்டத்தில் வைத்தார். பத்து நொடி ஆகியிருக்கும். எண் நாற்பத்தாறு. கார் எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது.

"ஆட்டம் கார்டையே தொடாம ஓடிட்டு இருந்துச்சுங்ணா. படம் வரையற வேலையெல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சுட்டு இருந்துருக்குது. இதைத்தான் அன்னைக்குப் போன்ல சொல்ல வந்தேன்."

"வோல்டேஜ்?" என்று கேட்டேன்.

"வோல்டேஜுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்ணா. நூத்தித் தொண்ணூறு வந்தாலும் உள்ள இருக்கற சப்ளை ஒரே மாதிரிதான் குடுக்கும். ஒண்ணு ஓடும், இல்லீன்னா ஆஃப் ஆயிரும். வேகம் குறையாது."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா ஐயா? பொருளை விற்ற ஒருவருக்கு, அதை வாங்கியவரிடம் விளங்கும்படி எடுத்துச்சொல்லும் பொறுப்பு இல்லையா? போனை வைத்தேன் என்றால் திரும்பக் கூப்பிட வேண்டாமா? இரண்டு முறை கூப்பிட்டார், சரி. மூன்றாவது முறை கூப்பிட்டிருக்கலாமே. அவர் ஜனவரியிலேயே அந்தக் குறியை மாற்றியிருந்தால் கிரைண்டர் பெல்ட் அறுந்திருக்காது. பால் கெட்டிருக்காது. மூன்றாவது நஷ்டமும் வந்திருக்காது. இருபத்தேழு சுற்று நான் வீணாக ஓட்டியிருக்க வேண்டியதில்லை. அவர் போன பிறகு முதல் சுற்றிலேயே ஒரு நிமிடம் நாற்பத்தாறு நொடி வந்தது.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சுவிட்சை அணைத்தது நான். பேட்டரியை எடுத்தது நான். தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. ஐம்பத்தோரு நிமிடம். இதில் எதையும் நான் மறைக்கவில்லை, மறைக்கும்படி இதில் எதுவும் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கிடைத்த அளவுகளை வைத்து ஒரு மெக்கானிக் எடுக்கக்கூடிய முடிவைத்தான் எடுத்தேன். அளவு தவறு என்றால் அதற்கு யார் காரணம் என்பதை நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். கடை முகவரி பில்லில் இருக்கிறது.

அண்ணியைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் மனது சரியில்லை. அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று காலை காபி கொண்டுவந்து வைத்தவர், போகாமல் நின்றார்.

"ஏனுங்க தம்பி, அன்னைக்குக் கரண்டு ஏதாச்சும் போச்சுங்களா?"

"போச்சுங்க அண்ணி" என்றேன்.

சிலிண்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டதற்கு நான் சொன்னது பொய்யும் அல்ல. அந்த அறையில் கரண்ட் போயிருந்தது.